பிலிப்பைன்ஸ் 41-ஆவது டிவிஷன் சிப்பாயின் போர்க்காலப் பதிவைத் தேடுவது எப்படி?

1941-42இல் பட்டான் தீபகற்பத்தில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் 41-ஆவது காலாட்படை டிவிஷனில் இருந்த ஒருவரைப் பற்றி, குடும்பத்துக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ தேட இறங்கியிருக்கிறீர்களா? இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். மற்ற டிவிஷன்களுக்கும் வழி ஏறக்குறைய இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்த டிவிஷன் போர்க்களத்தில் எழுதிய காகிதங்களில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. சரணடைவதற்கு முன் பல பிரிவுகள் தங்கள் பதிவேடுகளை அழித்துவிட்டன. இன்று நம் கைக்கு வருபவற்றில் பெரும்பகுதி 1945-48இல், போர் முடிந்தபின், சத்தியப் பிரமாணமாக வாங்கி எழுதியவை. எந்தக் காகிதத்தையும் இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

1. எந்த '41' என்று முடிவு செய்யுங்கள்

தேடல் பெரும்பாலும் இங்கேதான் வழி தவறும். '41' என்ற எண்ணில் குறைந்தது நான்கு பிரிவுகள் இருக்கின்றன:

- பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் 41-ஆவது டிவிஷன். இதன் தளபதி பிரிகேடியர் ஜெனரல் விசென்டே லிம்.
- அந்த டிவிஷனுக்குள்ளேயே இருந்த 41-ஆவது காலாட்படை ரெஜிமென்ட். கூடவே 42, 43-ஆவது ரெஜிமென்ட்களும் அதில் உண்டு.
- அதே டிவிஷனின் 41-ஆவது பீல்டு ஆர்ட்டிலரியும் 41-ஆவது எஞ்சினியர் பட்டாலியனும்.
- அமெரிக்க ராணுவத்தின் 41-ஆவது டிவிஷன். இது முற்றிலும் வேறு படை. நியூகினியில் போரிட்டுவிட்டு 1945 மார்ச்சில் மிண்டனாவின் சம்போவாங்காவில் இறங்கியது.

இணையத்தில் '41-ஆவது டிவிஷன், பிலிப்பைன்ஸ்' என்று தேடினால் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் வரும். அதன் பெயர்ப்பட்டியலில் உங்கள் ஆளின் பெயர் இல்லை என்று மனம் உடைந்துவிடாதீர்கள். 31-ஆம் எண்ணில் இன்னும் குழப்பம். பட்டானில் அமெரிக்க 31-ஆவது ரெஜிமென்ட்டும் இருந்தது, பிலிப்பைன்ஸ் 31-ஆவது டிவிஷனும் அதற்குள் ஒரு 31-ஆவது ரெஜிமென்ட்டும் இருந்தன. போதாததற்கு 1945இல் அமெரிக்க 31-ஆவது டிவிஷன் மிண்டனாவில் போரிட்டது.

எண் தெரியாமல் சொந்த ஊர் மட்டும் தெரிந்தால், ஊரிலிருந்து ஊகிக்கலாம். ரிசர்வ் டிவிஷன்கள் ராணுவ மாவட்ட வாரியாக ஆள் எடுத்தவை. வடக்கு லூசோன் என்றால் 11, மத்திய லூசோன் என்றால் 21 அல்லது 31, மணிலாவுக்குத் தெற்கே பதங்காஸ் பக்கம் என்றால் 41, பிகோல் என்றால் 51, பனாய் 61, நெக்ரோஸ் 71, செபு-போஹோல் 81, லெய்த்தே-சமார் 91, மிண்டனாவ் 101. இது தொடக்கக் குறிப்பு மட்டுமே, சான்று ஆகாது. வேலைக்காக மணிலாவில் இருந்தவர்கள் வேறு டிவிஷனில் சேர்ந்திருக்கலாம்.

குடும்பத்தில் 'ஸ்கௌட்' என்று சொல்லிக் கேட்டிருந்தால் பாதையே வேறு. பிலிப்பைன் ஸ்கௌட்ஸ் என்பது அமெரிக்க ராணுவத்தின் பகுதி. 45, 57-ஆவது ரெஜிமென்ட்கள் அந்த வகை. அவர்களை அமெரிக்க ராணுவ வீரர்களாகவே விண்ணப்பத்தில் காட்ட வேண்டும்.

2. பெயரை எல்லா வடிவங்களிலும் எழுதி வையுங்கள்

பிலிப்பினோ பெயரில் நடுப்பெயர் என்பது தாயின் கன்னிக் குடும்பப் பெயர். அமெரிக்கப் படிவத்தில் 'மிடில் நேம்' கட்டத்தில் அதைத்தான் நிரப்ப வேண்டும். அது தெரியாவிட்டால் பதிவைக் கண்டுபிடிப்பது கடினம். 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா பட்டியல் போட்டுக் குடும்பப் பெயர்களைப் பிரித்துக் கொடுத்ததால், ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பது அங்கே சர்வ சாதாரணம்.

'டெலா குரூஸ்' என்பதை ஒரே சொல்லாகவும், இரண்டாகவும், மூன்றாகவும் எழுதுவார்கள். எழுத்தர் அதை 'டி' வரிசையிலும் வைத்திருக்கலாம், 'சி' வரிசையிலும் வைத்திருக்கலாம். முதல் பெயரின் சுருக்கம், செல்லப்பெயர், 'ஜூனியர்' என்ற ஒட்டு எதையும் விடாதீர்கள். ஒரு தாளில் எல்லா வடிவங்களையும், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், மனைவி பெயர் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். இனி எல்லாப் படியிலும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

பிறப்புச் சான்றுக்கு பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தில் நேரில் ஒரு பிரதிக்கு 155 பெசோ. ஆனால் போருக்கு முன் பிறந்தவர்களின் பதிவு பல நேரம் அங்கே இராது. அப்போது ஊராட்சிப் பதிவாளர் அலுவலகம், அதுவும் போரில் எரிந்திருந்தால் அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகம். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இந்தப் புத்தகங்களில் பலவற்றின் படங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

3. வீட்டில் உள்ள காகிதங்களைத் தேடுங்கள்

கட்டணம் எதுவும் கட்டுமுன் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எதைத் தேடுவது?

சீரியல் எண் உள்ள எந்தக் காகிதமும் தங்கம். டிஸ்சார்ஜ் தாள், போருக்குப் பின் பாக்கிச் சம்பளத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், ஜப்பானியர் சிறையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த சீட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தாலும் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஏ.ஜி.ஓ. ஃபார்ம் 23. இது போருக்குப் பின் ஒவ்வொரு பிலிப்பைன்ஸ் ராணுவ வீரரும் நிரப்பிய சத்தியப் பிரமாணப் பத்திரம். எப்போது படையில் சேர்ந்தார், எங்கே சரணடைந்தார், எந்த முகாமில் இருந்தார், எப்போது வெளியே வந்தார், ஆக்கிரமிப்புக் காலத்தில் என்ன வேலை பார்த்தார், காயமோ நோயோ இருந்ததா என்று தேதி வாரியாக எழுதியிருக்கும். பழைய பிரதி ஏதாவது மடிந்து கிடக்கலாம். வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த படியில் கேட்டு வாங்கலாம்.

சீருடை போட்ட புகைப்படத்தை மட்டும் சான்றாக நம்பாதீர்கள். தென்னை நாரில் செய்த 'கினிட்' தொப்பியோடு நிற்கும் இளைஞனின் படம் பல வீடுகளில் உண்டு. போருக்கு முன்பே 1937 முதல் இருபது வயது இளைஞர்களுக்கு ஐந்தரை மாதப் பயிற்சி கொடுத்தார்கள். படம் அந்தப் பயிற்சிக் காலத்ததாக இருக்கலாம். அமெரிக்கப் பதிவு தொடங்குவது, 1941 செப்டம்பர் 1 முதல் டிவிஷன்களை யூசாஃபே என்ற தூரக்கிழக்கு அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொண்ட 'இன்டக்‌ஷன்' தேதியில்தான். பயிற்சி பெற்ற தேதியை அதற்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள்.

4. செயின்ட் லூயிஸுக்கு விண்ணப்பம்

காமன்வெல்த் காலப் (அமெரிக்காவின் கீழ், சுதந்திரத்துக்கு முந்தைய) பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் தனிநபர் கோப்புகள் அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில், தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் இருக்கின்றன. படிவம் எஸ்.எஃப்-180. அஞ்சலிலும் அனுப்பலாம், இணையம் வழியாகவும் கேட்கலாம்.

நிரப்பும்போது:

- சமூகப் பாதுகாப்பு எண் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். 1941இல் இந்த வீரர்களுக்கு அது கிடையாது. காலியாக விட்டால் முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வரலாம்.
- படைப்பிரிவு என்ற இடத்தில் வெறுமனே 'ஆர்மி' என்று போடாதீர்கள். 'பிலிப்பைன் காமன்வெல்த் ஆர்மி, யூசாஃபே' என்று எழுதி, ரெஜிமென்ட்டும் கம்பெனியும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள்.
- என்ன வேண்டும் என்ற பகுதியில் சான்றிதழ் மட்டும் கேட்காதீர்கள். 'கோப்பிலுள்ள எல்லாப் பக்கங்களும், ஏ.ஜி.ஓ. ஃபார்ம் 23 உட்பட' என்று தெளிவாக எழுதுங்கள். இந்த வரியை விட்டவர்களுக்குச் சேவைக் காலத்தை மட்டும் சொல்லும் ஒற்றைத் தாள் வருகிறது. உள்ளே இருக்கும் பிரமாணப் பத்திரம் அவர்கள் கண்ணில் படாமலே போகிறது.
- பெயரின் மாற்று வடிவங்களைத் தனித் தாளில் இணையுங்கள்.

பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த கோப்புகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. உறவினராக இருக்க வேண்டியதில்லை, இந்த வீரர்கள் எல்லோரும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அதனாலேயே கட்டணமும் உண்டு: ஐந்து பக்கம் வரை 25 டாலர், ஆறு பக்கமும் அதற்கு மேலும் என்றால் மொத்தமாக 70 டாலர். பணத்தை விண்ணப்பத்தோடு அனுப்பாதீர்கள், கோப்பு கிடைத்தபின் அவர்களே கேட்பார்கள். கட்டணத்தை அனுப்பும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வரச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். இடையில் அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினால் வரிசையில் குழப்பம்தான் மிஞ்சும்.

'பதிவு இல்லை' என்று பதில் வந்தால் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொடுத்த பெயருக்கும் பிரிவுக்கும் பொருந்திய கோப்பு அவர்கள் கையில் சிக்கவில்லை, அவ்வளவே. நடுப்பெயரை மாற்றி, அல்லது ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் சேர்ந்திருந்த கெரில்லாப் பிரிவின் பெயரைச் சேர்த்து, முந்தைய பதிலின் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். புதிதாக எதையும் சேர்க்காமல் அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

5. வந்த தாளைப் படிப்பது

அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம் இது. சேவைச் சான்றில் காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'நிலை' போட்டிருப்பார்கள். பட்டானில் சரணடைந்த ஒரு வீரரின் தாள் பொதுவாக இப்படி இருக்கும்:

1941 டிசம்பர் 8 முதல் 1942 ஏப்ரல் 8 வரை: பெலீகர்டு.
1942 ஏப்ரல் 9 முதல் 1942 செப்டம்பர் வரை: போர்க்கைதி.
அதன்பின் 1945 வரை: நோ கேஷுவல்ட்டி ஸ்டேட்டஸ்.
1945 முதல் 1946 ஜூன் 30 வரை: ரெகுலர் பிலிப்பைன் ஆர்மி சர்வீஸ்.

'பெலீகர்டு' என்றால் முற்றுகைக்குள் இருந்த படையில் பணியில் இருந்தார் என்று பொருள். காயமோ நோயோ பட்டார் என்பதல்ல. ஏப்ரல் 9 என்பது பட்டான் சரணடைந்த நாள். காரெகிடோர் தீவில் இருந்தவர்களுக்கு இந்த வரி மே 6இல் மாறும். ஆகவே அந்தத் தேதியைப் பார்த்தே அவர் கடைசியில் எங்கே இருந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

போர்க்கைதி வரி முடியும் மாதம் ஏன் 1942இன் பிற்பாதியில் வருகிறது? பட்டான் கைதிகளை அடைத்த ஓ'டானல் முகாமில் இருந்த பிலிப்பினோக்களை ஜப்பானியர் 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஜனவரிக்குள் பகுதி பகுதியாக விடுவித்தார்கள். தப்பி ஓடினார் என்று குடும்பம் சொல்வதும் விடுவிக்கப்பட்டார் என்று தாள் சொல்வதும் முரண்பட்டால், ஃபார்ம் 23இல் அவரே தன் கையெழுத்தோடு என்ன எழுதினார் என்று பாருங்கள்.

'நோ கேஷுவல்ட்டி ஸ்டேட்டஸ்' என்ற வரியைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். அவர் ஓடிப்போனார் என்றோ எதிரியோடு சேர்ந்தார் என்றோ அதற்குப் பொருள் இல்லை. அந்தக் காலத்தில் அவர் கைதியாகவோ, காணாமல் போனவராகவோ, அங்கீகரித்த கெரில்லாவாகவோ கணக்கில் இல்லை என்பது மட்டுமே. ஊருக்குத் திரும்பி வயல் உழுதவர்களுக்கு எல்லாம் இந்த வரிதான் இருக்கும். கெரில்லாவில் இருந்தது நிரூபணமானால் அந்த இடத்தில் 'ரிகக்னைஸ்டு கெரில்லா சர்வீஸ்' என்று வரும்.

ஃபார்ம் 23ஐப் படிக்கும்போது அதை எந்தச் சூழலில் எழுதினார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பாக்கிச் சம்பளம் அதைப் பொறுத்திருந்தது, மூன்று நான்கு ஆண்டுக்கு முந்தைய தேதிகளை நினைவிலிருந்து சொன்னார்கள். மாதங்கள் முன்பின் ஆவது இயல்பு. நோய் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருப்பதும் அப்படியே. முகாமில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் எல்லாரையும் வாட்டிய நிலையில் அதை எழுதுவானேன் என்று விட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

6. கெரில்லா வரி இருந்தால்

போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் சுமார் 2,60,000 பேரைக் கெரில்லாக்களாக அங்கீகரித்தது. பிரிவு வாரியான அங்கீகாரக் கோப்புகள் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், பிலிப்பைன் ஆர்க்கைவ்ஸ் கலெக்‌ஷனில், ரெகார்டு குரூப் 407இல் இருக்கின்றன. இவற்றை ஸ்கேன் செய்து காப்பகத்தின் இணைய அட்டவணையில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கோப்புகள் பிரிவின் பெயரில் இருப்பதால் தனி ஆளின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது.

இரண்டு பொறிகள். முதலாவது, ஒரு பிரிவு கொடுத்த பெயர்ப்பட்டியலில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது. ராணுவம் கடைசியில் ஏற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிவையே நிராகரித்த கோப்புகளும் அதே வரிசையில் கலந்திருக்கும், உள்ளே இருக்கும் முடிவுக் கடிதத்தை முதலில் தேடிப் படியுங்கள். இரண்டாவது, கெரில்லாப் பிரிவுகள் பழைய எண்களை மறுபடி பயன்படுத்தின. வடக்கு லூசோன் கெரில்லாப் படையின் 11-ஆவது ரெஜிமென்ட்டும் பட்டானில் இருந்த 11-ஆவது ரெஜிமென்ட்டும் ஒன்றல்ல.

நேரில் போக முடிந்தவர்கள் படம் உள்ள அடையாள அட்டையோடு போய் ஆய்வாளர் அட்டை வாங்கலாம், அது இலவசம். கைபேசியில் படம் எடுப்பதற்கும் கட்டணமில்லை, ஃப்ளாஷ் போடக்கூடாது.

7. மணிலாவில் கேட்க வேண்டியது

பிலிப்பைன்ஸ் அரசின் படைவீரர் நல அலுவலகம் கேசோன் நகரில் கேம்ப் அகினால்டோவுக்குள் இருக்கிறது. ராணுவ முகாம் என்பதால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். உறவினர் என்றால் உறவைக் காட்டும் சான்றுகளின் பிரதியை இரண்டு செட் எடுத்துப் போங்கள். ஓய்வூதியத்துக்கு அவர் பின்னாளில் விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பில் திருமணச் சான்று, முகவரி, சக வீரர்களின் வாக்குமூலம் என்று அமெரிக்கக் கோப்பில் இல்லாதவை கிடைக்கும்.

இரண்டு நாட்டுச் சான்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. அமெரிக்கப் படைவீரர் துறை, அமெரிக்க ராணுவம் உறுதிசெய்த சேவையை மட்டுமே ஏற்கும். மணிலா கொடுத்த சான்று எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அங்கே செல்லாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2009இல் அமெரிக்கா அறிவித்த ஒருமுறை இழப்பீடு, குடிமக்களுக்கு 15,000 டாலரும் மற்றவர்களுக்கு 9,000 டாலரும், 2010 பிப்ரவரி 16ஆம் தேதியோடு விண்ணப்பம் மூடிய திட்டம். 'தாத்தா பெயரில் பணம் கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு பெசோகூடக் கொடுக்காதீர்கள். வீரரின் அசல் காகிதங்களை எந்த இடைத்தரகரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

8. ஆளின் தேதிகளைப் படையின் தேதிகளோடு பொருத்துங்கள்

கிடைத்த வாக்குமூலம் நம்பத்தக்கதா என்று பார்க்க, டிவிஷன் எந்த நாளில் எங்கே இருந்தது என்ற பட்டியல் வேண்டும். 41-ஆவதுக்கு அது இது:

1941 டிசம்பர்: தெற்கு லூசோன் படையின் கீழ், பதங்காஸ் மேற்குக் கரைப் பக்கம்.
டிசம்பர் கடைசி: பட்டானுக்குப் பின்வாங்கல்.
1942 ஜனவரி 9 முதல்: பட்டானின் அபுகாய் பாதுகாப்புக் கோட்டில், வலப்புறம் 57-ஆவது ஸ்கௌட் ரெஜிமென்ட், இடப்புறம் 51-ஆவது டிவிஷன்.
ஜனவரி 24-26: ஓரியோன்-பகாக் கோட்டுக்குப் பின்வாங்கல்.
அதன்பின்: சமாத் மலையின் முன்பக்கம், 21-ஆவது டிவிஷனுக்கு அருகே.
ஏப்ரல் 3, பெரிய வெள்ளி: ஜப்பானிய பீரங்கி, விமானத் தாக்குதலின் முழு வேகமும் இந்த டிவிஷன் மேல் விழுந்தது. 42, 43-ஆவது ரெஜிமென்ட்களின் கோடு உடைந்தது.
ஏப்ரல் 9: சரண்.

'டிசம்பர் 22 அன்று லிங்காயன் கரையில் 41-ஆவதோடு இருந்தேன்' என்று ஒரு வாக்குமூலம் சொன்னால், ஏதோ இடிக்கிறது. அந்தக் கரை 11, 21-ஆவது டிவிஷன்களின் பொறுப்பு. ஆளோ தேதியோ பிரிவோ ஒன்று தவறு. உடனே பொய் என்று ஒதுக்காமல், அவர் 21-ஆவதில் தொடங்கிப் பின்னர் மாறினாரா என்று பாருங்கள். மாறாக, ஏப்ரல் முதல் வாரத்தில் '43-ஆவது ரெஜிமென்ட், காட்டில் தனியாகப் பிரிந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தால் அது நடந்ததோடு அப்படியே பொருந்துகிறது. ரெஜிமென்ட் எண்ணை முதல் படியிலேயே கேட்டது இதற்காகத்தான்.

எதிர்த்தரப்பிலிருந்து பார்க்க ஜப்பானின் ஆசிய வரலாற்று ஆவண மையம் இணையத்தில் இலவசம். அபுகாயில் மோதியது 65-ஆவது பிரிகேட், அந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

9. இடத்துக்கே போவதென்றால்

பழைய வரைபடத்தை அச்சிட்டு எடுத்துப் போங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் அமெரிக்க ராணுவத்தின் பழைய பிலிப்பைன்ஸ் வரைபடங்களை இலவசமாக இறக்கலாம். போர் அறிக்கைகள் 'ட்ரெயில் 6', 'ட்ரெயில் 29' என்று எண்களால் பேசும், இன்றைய கைபேசி வரைபடத்தில் அந்த எண்கள் இல்லை. ஆறுகளைப் பிடித்துக்கொண்டு இடத்தை அடையாளம் காண்பதே எளிது. சமாத் உச்சியில் நினைவுச் சிலுவை இருக்கிறது, அங்கிருந்து வடக்கே பார்த்தால் ஏப்ரல் 3 தாக்குதல் வந்த திசை.

ஏப்ரல் 9 பிலிப்பைன்ஸில் பொது விடுமுறை. அன்று சமாத்தில் அரசு விழா நடக்கும், கூட்டமும் பாதுகாப்பும் அதிகம். புனித வாரமும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வரும், அலுவலகங்கள் மூடியிருக்கும், பேருந்தில் இடம் கிடைக்காது. காகித வேலையும் பயணத்தில் இருந்தால் ஏப்ரலின் முதல் இரண்டு வாரங்களைத் தவிர்த்து, ஜனவரி அல்லது பிப்ரவரியில் போங்கள். மழையும் இராது.

ஓ'டானல் முகாமில் இறந்தவர் என்றால் டார்லக் மாகாணத்தின் காபாஸ் தேசிய நினைவிடம். 20,000-க்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் அந்த முகாமில் இறந்தார்கள். கருப்புப் பளிங்குச் சுவர்களில் பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் படியில் எழுதிய பெயர் வடிவங்களின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தேடுங்கள். பெயர் இல்லாவிட்டாலும், எழுத்து மாறியிருந்தாலும், படம் எடுத்து உங்கள் கோப்பில் சேருங்கள். அங்கிருந்த உடல்களைப் பின்னர் தகீக் நகரிலுள்ள லிபிங்கன் நங் மங்கா பயானி கல்லறைக்கு மாற்றினார்கள். ஆகவே கல்லறையைத் தேடுபவர்கள் காபாஸோடு நிற்காமல் அங்கேயும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மணிலா அமெரிக்கக் கல்லறையும் அருகிலேயே இருக்கிறது. அதன் சுவர்களில் காணாமல் போன 36,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் உள்ளன. ஸ்கௌட் என்றால் முதலில் அங்கே பாருங்கள்.